ஜெர்மனியில் வீடு: வாடகை கட்டி முடித்த பிறகு வரும் பில்

போன நவம்பரில் மதுரைத் தம்பி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நான்கு பக்கக் கடிதம். “அக்கா, ஒரு மாசம்கூட வாடகை தள்ளிப் போனதில்லை. 613 யூரோ பாக்கின்னு வந்திருக்கு. வேற யாருக்கோ போக வேண்டியதா?” என்றார். இல்லை, அவருக்கேதான். அந்தக் கணக்கைப் போட்டதே எங்கள் பிரிவு.

டோர்ட்முண்டில் குடியிருப்புகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுச் செலவுகளுக்கு வருடக் கணக்கு போட்டு, குடியிருப்பவர்களுக்கு அனுப்புவது என் வேலை. தம்பி மாணவர். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். அதில் 613 என்றால் பாதிக்கு மேல் போய்விடும். அவர் முகம் வாடியதில் வியப்பில்லை.

இங்கே வாடகை விளம்பரத்தில் இரண்டு தொகைகள் இருக்கும். ‘கால்ட்மீட்டே’ என்றால் வெறும் வீட்டு வாடகை. அதோடு குப்பை, தண்ணீர், படிக்கட்டுத் துப்புரவு, கட்டட இன்சூரன்ஸ், வீட்டுவரி, பெரும்பாலும் ஹீட்டிங் எல்லாம் சேர்ந்தது ‘வார்ம்மீட்டே’. நம் பிள்ளைகள் இரண்டாவது தொகையைப் பார்த்து, “எல்லாம் சேர்த்துத்தான்” என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். கோளாறு இங்கேதான். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலான வீடுகளில் விலை அல்ல, அட்வான்ஸ்; நம் ஊர் வீட்டு அட்வான்ஸ் மாதிரி டெபாசிட் அல்ல, செலவுக்காக மாதாமாதம் கட்டும் முன்பணம். வருடம் முடிந்ததும் உண்மையான செலவைக் கணக்கிட்டு, குறைந்தால் திருப்பித் தருவார்கள், கூடினால் கேட்பார்கள். விளம்பரத்தில் வீடு மலிவாகத் தெரிய வேண்டும் என்று இந்த அட்வான்ஸைக் குறைத்துப் போடும் வீட்டுக்காரர்களும் உண்டு.

தம்பியின் வீடு 28 சதுர மீட்டர். மாதம் 70 வீதம் வருடத்துக்கு 840 யூரோ அட்வான்ஸ் கட்டியிருந்தார். ஆன செலவு 1,453. அதில் ஹீட்டிங் மட்டும் 905. இவ்வளவு சின்ன வீட்டுக்கு அது மிக அதிகம். ‘சமைக்கும்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டேன். தாளித்தால் புகை அலாரம் அடிக்கிறதாம். அதனால் ஜன்னலை மேல்பக்கமாகச் சாய்த்து வைத்துவிடுவாராம். எப்போது மூடுவீர்கள் என்றேன். “மூடறதில்லக்கா, மறுநாளும் சமைக்கணுமே.”

அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர். அதன் குமிழில் உள்ள 1 முதல் 5 வரையான எண்கள் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி வேகம் அல்ல, வெப்பநிலை. 3 என்றால் சுமார் 20 டிகிரி. குமிழுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அளக்கும். ஜன்னல் வழியே குளிர்காற்று அதன் மேல் இறங்கிக்கொண்டே இருந்தால், அறை இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து வால்வை முழுசாகத் திறந்தே வைத்திருக்கும். தம்பி குளிர்காலம் முழுக்கத் தெருவைச் சூடாக்கியிருக்கிறார். தாளிக்கும்போது குமிழை அடைத்துவிட்டு ஜன்னலை அகலத் திறந்து, ஐந்து பத்து நிமிடத்தில் மூடிவிட்டால் போதும். அதற்காக ஜன்னலைத் திறக்காமலே இருந்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அது வேறு செலவு, வேறு சண்டை.

ஹீட்டரைத் தொடாமலே இருந்தாலும் பில் பூஜ்யம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹீட்டிங் செலவில் 50 முதல் 70 சதவீதம் வரை அவரவர் பயன்பாட்டுக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும் என்பது சட்டம். மீதி பெரும்பாலும் வீட்டின் பரப்பளவுப்படி. ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்து வந்தாலும் அந்தப் பங்கு விழும்.

கரண்ட் பில் பொதுவாக வார்ம்மீட்டேயில் சேராது. குளியலறைச் சுவரில் வெந்நீருக்கு ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே கவனியுங்கள். கரண்டில் ஓடுவதாக இருந்தால் அது 18 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். பத்து நிமிடக் குளியல் ஏறக்குறைய 3 யூனிட். மாதத்துக்கு 90. தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் உறுத்தும். இன்னொன்று, நீங்களாகக் கரண்ட் கம்பெனியைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் விளக்கு எரியும். அந்த வட்டாரத்தின் அடிப்படை சப்ளையர் பெயரில் தானாகவே ஓடும், விலை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதிலிருந்து இரண்டு வார நோட்டீஸில் விலகலாம். சாவி வாங்கும் நாளில் மீட்டர் எண்ணையும் ரீடிங்கையும் படம் எடுத்து, ஒப்படைப்புத் தாளிலும் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் பொது டிவி, ரேடியோ நிலையங்களுக்கான ஒலிபரப்புக் கட்டணம். டிவி இல்லை, ரேடியோ இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்கு 55.08. முகவரியைப் பதிவு செய்ததும் கடிதம் தேடி வரும். மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போட்டவர்களைத் தெரியும். நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடலாம்.

எங்கள் தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன்: வரும் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். உதாரணத்துக்கு, 2024-க்கான கணக்கு 2025 டிசம்பர் 31-க்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். தாமதம் வீட்டுக்காரரின் தப்பாக இருந்தால், அதற்குப் பிறகு பாக்கி கேட்க முடியாது. கணக்கு வந்த பின் ஆட்சேபிக்க உங்களுக்கு 12 மாதம் உண்டு. மூல ரசீதுகளைப் பார்க்கவும் உரிமை உண்டு. நிர்வாகச் செலவையும் ரிப்பேர் செலவையும் இதில் ஏற்றக் கூடாது. கேபிள் டிவிக் கட்டணத்தையும் 2024 ஜூலை முதல் சேர்க்கக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் ‘போன வருடக் கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். தயங்கினால், மாத அட்வான்ஸ் போதாது என்று எடுத்துக்கொண்டு பணம் ஒதுக்குங்கள்.

தம்பி ரசீதுகளைக் கேட்டார், எடுத்து வைத்தோம். ஹவுஸ்மாஸ்டர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், செலவுக்குள் நுழைவாயில் பூட்டு மாற்றிய செலவும் ஒளிந்திருந்தது. அவர் பங்குக்கு 38 யூரோ. ரிப்பேர், கழித்தோம். மீதி 575-ஐ ஐந்து தவணையாக, மாதம் 115 கட்ட ஒப்புக்கொண்டோம். மாத அட்வான்ஸையும் 70-லிருந்து 120 ஆக்கினோம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. கிளம்பும்போது, “ஜன்னலை மூடிட்டா அலாரத்துக்கு என்னக்கா பண்றது?” என்றார். அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், சத்தம் போடுகிறது என்று போடுவதில்லையாம்.