வீடியோ போக்கரை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர்

எதிரில் உட்கார்ந்தவர் சட்டைப்பையிலிருந்து லேமினேட் செய்த ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று பொடி எழுத்தில் வரிசையாக அச்சாகியிருந்தது. "நான் கண்மூடித்தனமாக ஆடவில்லை டாக்டர், கற்றுக்கொண்டுதான் ஆடினேன்" என்றார். வேலைக்காக லாஸ் வேகஸ் பக்கம் சில ஆண்டுகள் இருந்தவர். அங்கே பால் வாங்கப் போகும் சூப்பர் மார்க்கெட்டில்கூட வீடியோ போக்கர் என்ற இந்தச் சீட்டாட்டச் சூதாட்ட இயந்திரங்கள் உண்டு. ஊரில் வாங்கிப்போட்ட மனையையும் விற்ற பிறகு, மனைவியின் வற்புறுத்தலால் என்னிடம் வந்திருந்தார். (அவர் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் கற்றது சரியாகவே இருந்தது. அதை முதலில் ஒப்புக்கொள்ளாத மருத்துவரை இப்படிப்பட்டவர்கள் மறுமுறை தேடி வருவதில்லை.

இயந்திரம் ஐந்து சீட்டு போடும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரே ஒரு முறை மாற்றலாம். எதிராளி கிடையாது, பொய் முகம் காட்டி யாரையும் ஏமாற்றவும் முடியாது. ஜாக்கிக்குக் குறையாத ஜோடி அமைந்தால் கட்டிய பணம் திரும்பும், அதற்கு மேல் அமைந்தால் அட்டவணைப்படி கூடுதல். திறமைக்கு இடமும் இருக்கிறது. ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனச் சீட்டுகள்) அமைந்துவிட்ட கையிலேயே ராயல் ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை) வேண்டிய நான்கு சீட்டுகள் இருந்தால், ஐந்தாவதைக் கழித்து ஃப்ளஷை உடைப்பதுதான் சரி. புதிதாக ஆடுபவருக்கு அதற்கு மனம் வராது.

எந்த இயந்திரத்தில் உட்காருகிறோம் என்பதும் முக்கியம். ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் இரண்டு) கட்டியதைப்போல் 9 மடங்கும் ஃப்ளஷுக்கு 6 மடங்கும் கொடுக்கும் இயந்திரத்தில் பிழையின்றி ஆடினால் நீண்ட காலத்தில் 100க்கு 99.54 திரும்பும். அதே ஆட்டம் 8, 5 என்று கொடுத்தால் 97.3 திரும்பும்; 6, 5 என்றால் சுமார் 95. திரையை மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அவருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கைக்கு ஒன்றேகால் டாலர், கை பழகியவருக்கு மணிக்கு 600 கை. மணிக்கு 750 டாலர் கட்டுகிறார். சிறந்த இயந்திரத்தில் சராசரி இழப்பு மூன்றரை டாலர், மோசமானதில் முப்பத்தேழரை. "மூன்றரை டாலர் ஒரு காபி விலை" என்றார். சரி, ஆனால் அந்த 99.54க்குள் ஏறக்குறைய இரண்டு சதவீதம் ராயல் ஃப்ளஷ் ஒன்றிலிருந்தே வருகிறது. அது சராசரியாக 40,000 கைக்கு ஒரு முறை. அது விழும்வரை சிறந்த இயந்திரத்திலும் மணிக்குச் சுமார் 18 டாலர் போய்க்கொண்டிருக்கும். 40,000 கை ஆடிய பிறகும் நூற்றுக்கு 37 பேருக்கு அது ஒரு தடவைகூட விழுந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. நூறு கையில் சுமார் 45 கைக்கு இயந்திரம் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது. அதில் 21 கை வெறுமனே கட்டிய பணம் திரும்பியவை. அதற்கும் மணியடித்து விளக்குப் போட்டால் மனம் அதை வெற்றி என்றே எழுதிக்கொள்கிறது.

பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லாத ஸ்லாட் இயந்திரத்தில் தோற்றவர் நேரம் சரியில்லை என்று எழுந்து போகக்கூடும். வீடியோ போக்கரில் தோற்றவர் "அந்தக் கையில் தப்பு செய்துவிட்டேன்" என்கிறார். தப்பு என்றால் திருத்தலாம், திருத்த வேண்டுமென்றால் இன்னும் ஆட வேண்டும். இவர் பதினான்கு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருந்த நாளைப் பற்றிப் பேசும்போதும் தான் செய்த பிழைகளின் எண்ணிக்கையைத்தான் சொன்னார்.

இங்கே கைப்பேசியில் ரம்மி ஆடி வருபவர்களும் இதே தொனியில்தான் பேசுகிறார்கள். ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை ஒருவர் தீர்ப்பின் நகலோடு வந்து காட்டினார். நீதிபதி தீர்ப்பது ஆட்டத்தின் தன்மையை. நான் பார்ப்பது ஆடுபவரின் தூக்கத்தை. 2025இல் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி இணையத்தில் ஆடுவதைத் திறனா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமலே தடை செய்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் சூதாட்டக் கோளாறு இருக்கிறது. அதன் வரையறையில் முதலில் வருவது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கையை மீறிப் போவது.

குடும்பத்தாருக்கு நான் சொல்வது இதுதான்: எவ்வளவு போயிற்று என்று கேட்பதைவிட எத்தனை மணி நேரம் ஆடினார் என்று கேளுங்கள், அதில் பொய் சொல்வது கடினம். கடனை ஒரே மூச்சில் அடைத்துவிடாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு அது முதலாகிவிடும். வங்கிக் கணக்கும் அட்டைகளும் சில காலம் வேறொருவர் கையில் இருக்கட்டும், அதுவும் அவர் சம்மதத்தோடு. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது சந்திப்பில் அவர் அட்டையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். கைப்பேசியில் இருந்த இலவசப் பயிற்சிச் செயலியை மட்டும் அழிக்க மறுத்தார். பணம் கட்டாத ஆட்டம்தானே, பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றார். எதற்கான பழக்கம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மனைவிதான் அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துக்கொண்டார்.