அட்டவணையைக் காது எப்படிப் படிக்கிறது?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என்னோடு பணிபுரியும் ஆசிரியருக்குப் பார்வை இல்லை. 40 மாணவர்களின் மதிப்பெண் அட்டவணையை வேர்டு கோப்பாக அவருக்கு அனுப்பியிருந்தேன். கடைசிக்கு முந்தைய சில பெயர்களில் ஒன்றைச் சொல்லி, அந்த மாணவரின் அறிவியல் மதிப்பெண் என்ன என்று கேட்டேன். சில நொடிகளில் சொல்லிவிட்டார். கணினி முதலிலிருந்து எல்லாவற்றையும் வாசித்திருக்க முடியாதே?"

வாசிக்கவில்லைதான். ஆளுக்கு 6 கட்டங்கள் என்றால், 38ஆவது மாணவரை எட்டுவதற்குள் தலைப்பைச் சேர்க்காமலே 222 கட்டங்களைக் கடந்தாக வேண்டும். கண் இந்தத் தொல்லையை அறியாது. பெயரிலிருந்து குறுக்கே ஒரு பார்வை, தலைப்பிலிருந்து கீழே ஒரு பார்வை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் விடை. ஒலியோ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். இரண்டு திசைகளில் விரிந்த அட்டவணையை ஒரே திசையில் ஓடும் பேச்சுக்குள் கொண்டுவருவதுதான் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள், செய்யும் வேலை.

திரைவாசிப்பான் திரையில் தெரியும் படத்தைப் பார்த்து எழுத்துகளைக் கண்டுபிடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. "கர்சர் எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது?" என்று அது வேர்டிடமே கேட்கிறது. 1989இல் டாஸ் கணினிகளுக்காக வந்த ஜாஸ், 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய இலவச என்விடிஏ, விண்டோஸோடு வரும் நரேட்டர் ஆகிய மூன்று திரைவாசிப்பான்களும் இன்று இப்படித்தான் இயங்குகின்றன. பதிலாக வருவது எழுத்து மட்டுமல்ல. பள்ளியில் அணிகள் பாடத்தில் படித்தோமே, குறுக்கே ஓடும் நிரையின் எண், கீழே இறங்கும் நிரலின் எண், அவையும் சேர்ந்து வரும்.

அந்த ஆசிரியர் செய்தது அநேகமாக இதுதான். கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தி மாணவரின் பெயரைத் தேடியிருப்பார். கர்சர் பெயரில் நின்றதும், கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு வலப்பக்க அம்புக்குறியை நான்கு முறை தட்டியிருப்பார். பெயர், மொழி, வரலாறு, கணக்கு, அறிவியல். வெறும் அம்புக்குறி எழுத்து எழுத்தாகத்தான் நகரும். இந்தக் கூட்டு விசை கட்டம் கட்டமாகத் தாவும். டேப் விசையும் தாவும் என்றாலும் அதில் ஆபத்து உண்டு. கடைசிக் கட்டத்தில் அதை அழுத்தினால் வேர்டு புதிய நிரை ஒன்றைச் சேர்த்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு தாவலிலும் திரைவாசிப்பான் என்ன பேசுகிறது என்பதைவிட, எதைப் பேசாமல் விடுகிறது என்பது அழகானது. முந்தைய கட்டத்தின் நிரை, நிரல் எண்களை அது நினைவில் வைத்திருக்கும். வலப்பக்கம் நகர்ந்தால் மாணவர் மாறவில்லை, பாடம்தான் மாறியது. ஆகவே "அறிவியல், நிரல் 5, 71" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அங்கிருந்து கீழே நகர்ந்தால் பாடம் மாறவில்லை; மாணவர் மாறினார். இப்போது "கவிதா, நிரை 40, 64" என்று வரும். அறிவியல் என்ற சொல் திரும்ப ஒலிக்காது. மாறியதை மட்டும் சொல்வது என்ற இந்த ஒரே விதியால், கேட்பவரின் மனத்தில் இரண்டு அச்சுகளும் கலையாமல் நிற்கின்றன.

இந்த விதி பலிக்க, எது தலைப்பு என்று தெரிய வேண்டும். அண்மைக் கால வேர்டில் என்விடிஏ முதல் நிரையை நிரல்களின் தலைப்பாகவும், முதல் நிரலை நிரைகளின் தலைப்பாகவும் தானே எடுத்துக்கொள்கிறது. முதல் நிரலில் வரிசை எண்ணைப் போட்டுவிட்டால், கீழே நகரும்போது கவிதாவுக்குப் பதில் "39" என்றுதான் கேட்கும். பழைய பதிப்புகளில் பயனரே தலைப்பு நிரையின் முதல் கட்டத்தில் நின்று என்விடிஏ விசை (வழக்கமாக இன்சர்ட்), ஷிப்ட், சி மூன்றையும் அழுத்தி அந்த நிரையைத் தலைப்பாகக் குறிக்கலாம். அந்தக் குறிப்பு புக்மார்க்காகக் கோப்பிலேயே தங்கும். அடுத்து அதைத் திறப்பவரின் ஜாஸுக்கும் அது புரியும்.

அடுத்தது, இணைத்த கட்டங்கள். வேர்டு கோப்பின் உள்ளே அட்டவணை நிரை நிரையாகவே எழுதப்பட்டிருக்கும்: ஒரு நிரை, அதற்குள் கட்டங்கள், பிறகு அடுத்த நிரை. நிரல் என்று தனியாகக் கட்டங்களைத் தொகுத்து வைக்கும் இடமே இல்லை. அதை எண்ணித்தான் அறிய வேண்டும். ஒரு மாணவருக்கு மொழி, வரலாறு இரண்டையும் இணைத்து "வரவில்லை" என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்த நிரையில் இப்போது 5 கட்டங்கள்தான். "இது 2 நிரல் அகலம்" என்ற குறிப்பு கோப்பில் இருக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் வரிசையை மட்டும் எண்ணும் மென்பொருள், நான்காவதாக நிற்கும் அறிவியல் மதிப்பெண்ணைக் கணக்கு மதிப்பெண் என்று வாசித்துவிடும். மௌனமாக இருந்தால்கூட ஏதோ பிழை என்று தெரியும். தவறான தலைப்பு தெளிவான குரலில் வந்தால் சந்தேகப்பட என்ன வழி இருக்கிறது?

பார்வை இல்லாதவர்களுக்குக் கடவுள் தனி நினைவாற்றலைக் கொடுத்திருக்கிறார் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கை எனக்குக் கோபமூட்டுகிறது. வேகமான பேச்சைப் பிரித்துக் கேட்பது பயிற்சியால் வருவது. மீதி எல்லாம் மென்பொருளாளர்களின் உழைப்பும், கோப்பை ஒழுங்காக எழுதியவரின் கவனமும்தான். அற்புதம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் திருத்த வேண்டியதில்லை, யாரும் பணம் ஒதுக்கவும் வேண்டியதில்லை. என்விடிஏ போன்ற ஒரு பொதுக் கருவி இன்றும் நன்கொடைகளையும் மானியங்களையும் நம்பியிருப்பது சரியல்ல. சாலைக்கும் குடிநீருக்கும் ஒதுக்குவதுபோல் இதற்கும் அரசுகள் நிலையாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட வாசகிக்கு: உங்கள் அட்டவணை நல்ல அட்டவணையாக இருந்திருக்கிறது. அடுத்த முறையும் பெயரை முதல் நிரலிலேயே வையுங்கள். கட்டங்களை இணைக்காமல், ஒவ்வொன்றிலும் தனித்தனியே "வரவில்லை" என்று எழுதுங்கள். டேப்பும் இடைவெளியும் தட்டி அட்டவணைபோல் தோன்றச் செய்வதையும், அட்டவணையைப் படமாக ஒட்டுவதையும் தவிருங்கள்; அவற்றில் நிரையும் இல்லை, நிரலும் இல்லை. அனுப்பும் முன் என்விடிஏவை உங்கள் கணினியில் நிறுவி, அறிவியல் நிரலில் மேலிருந்து கீழே ஒருமுறை இறங்கிக் கேளுங்கள். எந்த நிரையிலாவது பெயரோ தலைப்போ பிசகினால், அங்கே ஒரு கட்டம் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.