பருந்தா, ட்ரோனா?

ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே சேலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கல்யாண ஜோடியை ட்ரோனில் படம் எடுத்தார்கள். வண்டு மாதிரி இரைந்துகொண்டு எழும்பியது, பள்ளத்துக்கு மேலே போனதும் சத்தம் அடங்கிவிட்டது. எங்கே என்று தேடினால் ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் என்று நினைக்கும்போதே புள்ளி சிறகைச் சாய்த்துத் திரும்பியது. பருந்து!

ராணுவ ரேடாருக்கும் இதே தலைவலிதான். 2025 மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்களை ஏவியதாக இந்திய அரசு சொன்னது. சுட்டு வீழ்த்தியதைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருந்தோம். சுடுவது கடைசி வேலை. வருவது முதலில் தெரிய வேண்டுமே.

ரேடார் அலையை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிறது. அலை போகும்போதும் பரவி மெலிகிறது, வரும்போதும் மெலிகிறது. தூரம் இருமடங்கானால் எதிரொலி 16-ல் ஒரு பங்குதான். ரேடார் கண்ணுக்குப் போர் விமானம் சில சதுர மீட்டர் அகலம். கல்யாண ட்ரோன் சுமார் 0.01 சதுர மீட்டர், ஓர் உள்ளங்கை. 5 சதுர மீட்டர் விமானத்தை 100 கிலோமீட்டரில் பிடிக்கும் ரேடாருக்கு, இந்த உள்ளங்கை 21 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் தெரியும்.

உயரமான இடத்தில் வைத்தால்? சமவெளியில் 10 மீட்டர் கம்பத்து ரேடாருக்கு, 50 மீட்டர் உயரத்தில் பறப்பது 42 கிலோமீட்டர் வரைதான் நேர்ப்பார்வையில் இருக்கும். அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். நான் நின்ற விளிம்பில் வைத்தால் 160 கிலோமீட்டரைத் தாண்டும். பெரிய ட்ரோன்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் முதுகுப்புறம் மலை மறைப்பதால் பொம்மிடிப் பக்கம் இருட்டு. கீழே பார்த்தால் வேறு சிக்கல்: ஊரே எதிரொலிக்கிறது. நகரும் பொருளின் எதிரொலியில் அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறும்; அதை வைத்து அசையாததை எல்லாம் டாப்ளர் வடிகட்டி தள்ளிவிடும். மெதுவாக நகர்வதையும் தள்ளச் சொன்னால் ட்ரோனும் சேர்ந்து போய்விடும். தள்ளாதே என்றால், 20 கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறும் பஸ் எல்லாம் எதிரி விமானம்!

இங்கேதான் ட்ரோனின் விசிறி உதவுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும் இரண்டு இதழ் விசிறி நொடிக்கு 200 முறை காற்றை வெட்டும். என் காதில் இரைந்த வண்டு அதுதான். எதிரொலியிலும் அந்த நடுக்கம் பதிகிறது. மைக்ரோ டாப்ளர் என்பார்கள். பருந்து சிறகடித்தாலும் நொடிக்குச் சில தடவைதான். என்ன, பிளாஸ்டிக் விசிறியின் எதிரொலி ரொம்ப மெலிசு. கிட்டே வந்தால்தான் தேறும்.

கண்டுபிடித்தபின் ஜாமர். சாதாரண ட்ரோன் பேசும் 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கொட்டினால் கட்டளை கேட்காமல் திரும்பிவிடும், இல்லை உட்கார்ந்துவிடும். உக்ரைன் போரில் இதற்கும் வழி வந்துவிட்டது: கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோனுக்குக் கட்டளை அந்த இழை வழியே போகிறது, ரேடியோவே கிடையாது, எதை ஜாம் செய்வது?

மிச்சம் ஏவுகணை, பீரங்கி. உக்ரைன் மேல் ரஷ்யா ஏவும் சில பத்தாயிரம் டாலர் ஈரானிய ஷாஹெத் ட்ரோனுக்குப் பல லட்சம் டாலர் அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணை என்றால், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அதனால்தான் 1960-களில் நம் ராணுவத்துக்கு வந்த 40 மில்லிமீட்டர் எல்-70 பீரங்கிக்குப் புதுக் கண் பொருத்தி மறுபடி வேலை கொடுத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 குண்டு.

உக்ரைனியர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஷாஹெத்தின் எஞ்சின் மொபெட் மாதிரி கத்தும். நம் ஊர் எக்ஸ்எல் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பம் கம்பமாக ஆயிரக்கணக்கான மைக்குகளைக் கட்டி, எந்த மைக்கில் எப்போது கேட்டது என்று பார்த்து, வரும் பாதையைக் கணக்குப் போடுகிறார்கள்.

லேடீஸ் சீட்டில் பேட்டரி தீர்ந்து ட்ரோன் திரும்பியபோது நான் இன்னும் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன். காதுக்குத்தான் முதலில் தெரிந்தது. தலைக்குப் பின்னால் வந்துவிட்டிருந்தது.