நான்கு மோட்டார் ஓடும் கைக்கடிகாரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறவர்கள் தேக்குத் தூணையும் எனாமல் தூக்குச்சட்டியையும் விலை கேட்பார்கள். என் கண் தேடுவது பழைய ஜப்பான் வாட்சுகளை, அதிலும் ஸ்டாப்வாட்ச் சேர்ந்த குரோனோகிராஃபை. கடல் கடந்து பிழைக்கப் போன ஊர்க்காரர்களால் சீக்கோவும் சிட்டிசனும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை, அதாவது செல்லில் இயங்கிப் படிகத்தின் அதிர்வை வைத்து நேரம் காட்டுவதை, 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென். உள்ளே இருந்த படிகம் வினாடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. பிறகு 32,768 என்பதே வழக்கமாகிவிட்டது. ஏன் இந்த எண்? இரண்டை 15 முறை பெருக்கினால் 32,768. பங்காளிகள் வளவு வீட்டைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போவதைப்போல, மின்சுற்று அதை 15 தரம் பாதியாக்கும். கடைசியில் மிஞ்சுவது வினாடிக்கு ஒரே ஒரு துடிப்பு.

அந்தத் துடிப்பு தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காயிலுக்குப் போகிறது. காயில் காந்தமாகிறது; அருகிலுள்ள குட்டிக் காந்தம் அரைச் சுற்று திரும்பி நிற்கிறது. அடுத்த துடிப்பு எதிர்த்திசையில் வர, மறுபடி அரைச் சுற்று. காயிலும் காந்தமும் சேர்ந்த இதுதான் மோட்டார்; முள் நகர்வது இப்படித்தான்.

சாவி கொடுக்கும் குரோனோகிராஃபில் ஒரே சுருள்வில்தான் எல்லாவற்றையும் இழுக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு பல்சக்கரம் நகர்ந்து இன்னொன்றைக் கவ்வும். 1983-ல் வந்த சீக்கோவின் 7ஏ28 என்ற எந்திரம் அந்தக் கவ்வலையே ஒழித்துவிட்டது. முள்ளில் காலம் காட்டும் முதல் குவார்ட்ஸ் குரோனோகிராஃப் அது. உள்ளே நான்கு மோட்டார்கள், தேய்மானத்தைக் குறைக்கும் 15 கற்கள். மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவரவும் மோட்டார்தான் முள்ளை ஓட்டிக்கொண்டு போகும். பிரிட்டன் விமானப்படை 1984 முதல் தன் ஆட்களுக்கு இதைத்தான் கொடுத்தது. உலோகத் தகடும் திருகுமாக இருப்பதால் கழற்றி எண்ணெய் விட்டுப் பூட்டலாம். பின்னால் வந்த பிளாஸ்டிக் எந்திரங்களை அப்படியே தூக்கிப் போட வேண்டியதுதான். சேகரிப்பவர்கள் இதைச் சுற்றி வருவதற்கு, டயல் அழகைவிட இதுவே காரணம் என்பேன்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. படிகம் 25 டிகிரி சுற்றுவட்டத்தில்தான் ஒழுங்காக அதிரும். அதைவிடச் சூடு ஏறினாலும் குறைந்தாலும் வேகம் தளரும். 40 டிகிரியில் கிடந்தால் நாளுக்கு அரை வினாடிக்குச் சற்று மேல் பின்தங்கும். சுண்ணாம்புச் சுவர் வீட்டின் உள்ளறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைவிட இதற்கும் நல்லது.

ஆனால் இந்த வாட்சுகளைக் கொல்வது வெயிலல்ல, செத்துப்போன செல். உள்ளே துத்தநாகம், வெள்ளி ஆக்சைடு, இடையில் சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அந்தக் காரம் மெதுவாகக் கசிந்து செம்பை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். (அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது, மின்கலமும் உலோக அரிப்பும் அங்கே ஆராயும் பொருள்கள்.)

ஆகவே வாங்கும்போது பின்மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பச்சை தெரிந்தால் நகர்ந்துவிடுங்கள். புதுச் செல் போட்டு ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள். மூன்று முள் ஓடி ஒன்று மட்டும் அசையாவிட்டால், மல்ட்டிமீட்டரில் அந்தக் காயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி அறுந்திருந்தால் வேறொரு வாட்சிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். முள் பூச்சியத்தில் நிற்காமல் தள்ளி நிற்பது பழுதல்ல. சாவியை வெளியே இழுத்துப் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். கடைக்காரருக்கு அது தெரியாவிட்டால் விலை பேச உங்களுக்கு வசதி.