மைக்ரோ ரீச்சிங்: நுண்கற்பித்தல்

"நாளைக்கு எனக்கு மைக்ரோ" என்று கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒருத்தி சொன்னால், அன்றிரவு அந்த அறையில் விளக்கு அணையப் பிந்தும். மைக்ரோ ரீச்சிங்கைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்வோம். ஆசிரியராகப் போகிறவர் உண்மையான வகுப்புக்குள் கால் வைக்குமுன், தன்னோடு படிக்கும் நாலைந்து பேரைப் பிள்ளைகளாக இருத்தி, ஐந்து பத்து நிமிடத்துக்குள் ஒரேயொரு கற்பித்தல் திறனைப் பழகுவதுதான் அது. ஒரு நாள் கேள்வி கேட்பது, இன்னொரு நாள் பாடத்தைத் தொடங்குவது, வேறொரு நாள் பலகையில் எழுதுவது. முடிந்ததும் பார்த்திருந்தவர்கள் குறை நிறை சொல்வார்கள். அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டு, அதே பாடத்தை மறுபடியும் கற்பிக்க வேண்டும். அந்த 'மறுபடியும்' இல்லாவிட்டால் அது வெறும் ஒத்திகை.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த முறையை உருவாக்கினார்கள். கற்பிப்பதை வீடியோவில் பதிந்து, கற்பித்தவருக்கே போட்டுக் காட்டும் வழக்கமும் அங்கிருந்து பரவியதுதான். இந்தியாவில் இதை 36 நிமிடச் சுற்றாக வகுத்தார்கள்: கற்பிக்க 6, கருத்துக் கேட்க 6, மீளத் திட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி கருத்துக் கேட்க 6. ஒருமுறை கற்பிக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு, யோசிப்பதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

சொல்லுக்கு வருவோம். 'மைக்ரோ' கிரேக்கம். சிறியது என்று பொருள். 'ரீச்' (teach) என்பது பழைய ஆங்கிலத்தில் காட்டுதல், சுட்டுதல் என்ற பொருளில் வழங்கிய சொல். ஆக, ஆங்கிலத்தில் கற்பிப்பவர் காட்டுகிறவர். தமிழ் வேறு மாதிரி யோசித்திருக்கிறது. கல் என்பதிலிருந்து கற்பி, படி என்பதிலிருந்து படிப்பி. நாங்கள் நாள்தோறும் "ரீச்சர் படிப்பிக்கிறா" என்கிறோமே, அந்தப் 'பி'தான் முக்கியம். இன்னொருவரைச் செய்ய வைப்பதைச் சொல்லும் பிறவினை அது. பிள்ளை படிக்கவில்லை என்றால் படிப்பித்தல் நடக்கவே இல்லை என்று இலக்கணமே சொல்லிவிடுகிறது.

அதனால்தான் 'நுண்போதனை' என்று சிலர் சொல்வது எனக்கு உவப்பில்லை. போதனை பிழையான சொல்லல்ல. அறிதல், விழித்தல் என்ற பொருளுள்ள வடமொழி வேரில் பிறந்தது, போதனா வைத்தியசாலையில் நிலைத்தும் விட்டது. ஆனால் பேச்சுவழக்கில் அது அறிவுரை சொல்வதாக மாறிவிட்டது. போதிக்கிறவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். மைக்ரோ ரீச்சிங்கில் கவனம் முழுவதும் கேட்கிறவரின் முகத்தில்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பயிற்சிக் காலத்தில் ஒரு தோழி குளத்தின் பகுதிகளைப் பாடமாக எடுத்தாள். அவளுடைய ஊர் வன்னியில் இல்லை. பலகையில் அணைக்கட்டை வரைந்து, "மதகு வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகிறது" என்று அழகாகச் சொன்னாள். நாலாம் தரப் பிள்ளையாக இருந்த, வன்னியைச் சேர்ந்த ஓமந்தைக்காரி கையை உயர்த்தினாள். "ரீச்சர், மதகு றோட்டுக்குக் கீழதானே இருக்கும்?" நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. எங்கள் பக்கத்தில் மதகு என்றால் வீதிக்கு அடியில் தண்ணீர் போக விட்ட வழி, பொழுதுபட்டால் பெடியள் இருந்து கதைக்கும் இடம். குளத்தில் இருப்பது துருசு. மேலதிகத் தண்ணீர் போகும் வழிக்கு வான் என்று பெயர். புத்தகச் சொல்லை நம்பி வந்தவளுக்கு அது ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்தது. மறுபடி வந்தபோது அவள் முதலில் கேட்டது, "உங்கட குளத்தில வயலுக்குத் தண்ணி எதால போகுது?" நாலு பேரும் ஒரே குரலில் துருசு என்றார்கள். பலகையில் துருசு என்று எழுதிவிட்டு, அதன் பக்கத்தில்தான் மதகு என்று எழுதினாள்.

இந்த வேலைக்கு 'சிறு' என்ற அடை போதாது. நுண் என்றால் சிறியது மட்டுமல்ல, கூரியது, நயமானது. நுண்கலை சின்னக் கலையல்ல. குறள் சொல்லும் 'நுண்மாண் நுழைபுலம்' சின்ன அறிவுமல்ல. மைக்ரோ வரும் இடங்களிலெல்லாம் தமிழ் இந்த வேரைத்தான் நாடியிருக்கிறது. இலங்கையில் நுணுக்குக்காட்டி, நுண்ணங்கி. தமிழ்நாட்டில் நுண்ணோக்கி, நுண்ணுயிரி. (வன்னியில் பல பெண்களுக்கு 'நுண்' என்றதும் நுண்கடனும் அதன் வட்டியும் நினைவுக்கு வருவது வேதனைதான். அதற்காகச் சொல்லைக் கைவிட முடியாது.) தமிழ்நாட்டுக் கல்வியியல் நூல்களில் 'நுண்ணிலைக் கற்பித்தல்' என்று இருக்கும். பொருள் சரிதான், ஆனால் நடுவில் நிற்கும் 'நிலை'க்கு வேலை எதுவும் இல்லை. நுண்கற்பித்தல் போதும்.

இதைக் கற்பித்தற் பயிற்சியோடு குழப்பக் கூடாது. கற்பித்தற் பயிற்சி உண்மையான பாடசாலையில், உண்மையான பிள்ளைகளோடு, முழுப் பாடவேளைக்கு நடப்பது. வவுனியா பூந்தோட்டத்தில் உள்ளது போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகள் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தவை. அங்கே மூன்று ஆண்டுப் பயிற்சியில் முதல் இரண்டு ஆண்டு கல்லூரியில், மூன்றாம் ஆண்டு பாடசாலையில். நுண்கற்பித்தல் இவற்றுக்கெல்லாம் முதற்படி. தோழிகள் பிள்ளைகளாக நடிக்கலாம், ஆனால் "வழியில யானை நிண்டது ரீச்சர்" என்று பாடம் பாதியாகும்போது வந்து நிற்க மாட்டார்கள். சாப்பிடாமல் வந்து மேசையில் தலை சாய்க்க மாட்டார்கள். அதையெல்லாம் நெடுங்கேணிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த்தான் பழக வேண்டும். ஆனால் ஒரே அறையில் இரண்டு தரங்களை வைத்துக்கொண்டு ஒன்றுக்கு வேலை கொடுத்துவிட்டு மற்றதன் பக்கம் திரும்பும்போது, கையில் கிடைப்பது அதே ஐந்து பத்து நிமிடம்தான்.

எழுதும்போது நுண்கற்பித்தல் என்று சேர்த்தே எழுதுங்கள். நுண்கலை, நுண்கடன் போல இதிலும் ஒற்று மிகாது. திருத்திய பின் இரண்டாம் முறை கற்பிப்பது மீள்கற்பித்தல். பார்த்தவர்கள் சொல்வதற்குப் பின்னூட்டல் என்ற சொல் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. விடுதியில் "நாளைக்கு எனக்கு மைக்ரோ" என்பதற்குப் பதிலாக "நாளைக்கு எனக்கு நுண்கற்பித்தல்" என்று சொல்லிப் பாருங்கள், நாலு நாளில் வாய்க்குப் பழகிவிடும்.