தண்டவாளம் போட்டால் ஊருக்கு ஆள் வந்துவிடாது

ஆலைகள் மூடி, ஆள் குறைந்துகொண்டே போகும் நகரங்களுக்கு எழுதப்படும் லைட் ரயில் (டிராம் போல நகருக்குள் ஓடும் சிறிய மின்ரயில்) திட்ட அறிக்கைகளில் ஒரு வரி தவறாமல் வருகிறது: ‘ரயில் வந்தால் நகரம் மீளும்.’ எந்த வேலை வரும், எங்கே வரும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது.

அமெரிக்காவின் பஃபலோவைப் பாருங்கள். 1950இல் அங்கே 5,80,000 பேர் இருந்தார்கள், 1980இல் 3,58,000. அந்தச் சரிவின் நடுவில்தான் சுமார் 10 கி.மீ. பாதை கட்டித் திறந்தார்கள். வேலைநாளில் 92,000 பேர் ஏறுவார்கள் என்பது கணிப்பு. தொடக்க ஆண்டுகளில் ஏறியவர்கள் 30,000ஐக்கூடத் தொடவில்லை. சரிவும் நிற்கவில்லை: 2010இல் மக்கள்தொகை 2,61,000. (நெரிசலான மையத்தில் தெருவிலும், அதைத் தாண்டியதும் சுரங்கத்திலும் ஓடுகிறது அந்த ரயில். எல்லோரும் செய்வதற்கு நேர்த் தலைகீழ்.) ரயிலுக்காகக் கார்கள் நுழையாமல் மூடிய மையக் கடைத்தெருவை 30 வருடம் கழித்துப் பகுதி பகுதியாகத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

பெல்ஜியத்தின் சார்லரோய் கதை இன்னும் மோசம். நிலக்கரியும் எஃகும் படுத்த அந்த ஊரில் ஒரு கிளைப்பாதைக்கு நிலையம், தண்டவாளம் எல்லாம் போட்டார்கள். ரயில் மட்டும் விடவில்லை. பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது.

ரயில் பயணத்தை இடம் மாற்றும். பயணத்துக்கான காரணத்தை உண்டாக்காது. வளரும் ஊரில் எப்படியும் கட்டப்போகிற வீட்டை நிலையத்தின் பக்கம் இழுக்கும். யாருமே கட்டாத ஊரில் எதை இழுக்கும்?

கட்டுமானத்துக்கு மேலிருந்து மானியம் கிடைத்துவிடும். ஓட்டுவதற்கு? 10 கி.மீ. பாதை, சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ. என்றால் போக 30 நிமிடம், வர 30, இரு முனையிலும் திரும்ப ஐந்தைந்து: மொத்தம் 70 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்று விட 7 வண்டி, மாற்றுக்கு 2. கூட்டம் குறைந்து இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று ஆக்கினால் ஓட்ட 4 வண்டி போதும். ஆனால் தண்டவாளம், மேல்கம்பி, துணைமின் நிலையம், டிப்போ ஒன்றும் பாதியாகாது. பஸ் என்றால் வண்டியை வேறு தடத்துக்கு அனுப்பிவிடலாம். அதோடு 30 வருடத்தில் வண்டி, தெருவில் பதித்த தண்டவாளம் இரண்டையுமே மாற்றும் செலவு வந்து நிற்கும். அப்போது வரி கட்ட எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள் என்று அறிக்கையில் ஒரு பக்கமாவது இருக்கிறதா?

பழைய ஊர் என்றால் தெருவுக்கடியில் வரைபடமே இல்லாத குடிநீர், சாக்கடைக் குழாய்கள். அவற்றை நகர்த்தும் செலவுக்கு, சோதனைக் குழி வெட்டிப் பார்க்காத மதிப்பீட்டை நம்பாதீர்கள்.

முதலில் அந்தத் தடத்தில் பஸ்ஸை ஒழுங்காக விடுங்கள். தனிப்பாதை, சிக்னலில் முன்னுரிமை, ஏறும் முன்பே டிக்கெட், எல்லாக் கதவிலும் ஏற்றம். 100 பேர் கொள்ளும் 18 மீட்டர் பஸ் மூன்று நிமிடத்துக்கு ஒன்று வந்தால் ஒரு திசையில் மணிக்கு 2,000 பேர் போகலாம். ஆள் குறைந்த இன்னொரு அமெரிக்க நகரமான க்ளீவ்லேண்ட் ரயில் யோசனையை விட்டுவிட்டு, நகர மையத்தையும் பெரிய மருத்துவமனைகளையும் இணைத்து 2008இல் இப்படித்தான் செய்தது. அந்த பஸ்ஸே நிரம்பி வழிந்தால் ரயிலைப் பற்றிப் பேசலாம். உச்ச நேரத்தில் மணிக்கு நாலு பஸ், அதுவும் பாதி காலி என்கிற தெருவில் தண்டவாளம் பதிக்கக் கேட்பது அக்கிரமம்.

ரயில் பணத்துக்காக மற்ற பஸ் தடங்களை வெட்டாதீர்கள், தயவுசெய்து. சரியும் ஊரில் கார் இல்லாதவர்கள்தான் அதிகம் மிஞ்சுகிறார்கள்; அவர்கள் ஒரே கோட்டில் குடியிருப்பதில்லை.

ஏற்கெனவே டிராம் ஓடுகிற ஊருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிரான்ஸில் ஊர் ஊராக டிராமைப் பிடுங்கிப் போட்டபோது, நிலக்கரி ஊரான சாந்த்எத்தியென் தன்னுடையதை விடவில்லை. இன்றும் ஓடுகிறது. கையில் இருக்கும் தண்டவாளத்தைப் பராமரிக்கக் கேட்கும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.