ரெசினுக்குள் மிச்சமாகும் ஒளித்தூண்டி

ரெசின் என்ற பிசுபிசுப்பான திரவம் ஒளி பட்டுக் கெட்டியானதும் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அப்படிக் கெட்டியாக்கும் வினையைத் தொடங்கி வைக்கும் ஒளித்தூண்டி முழுவதும் செலவாவதில்லை. மிச்சம் உள்ளேயே தங்கி, பிறகு மெல்லக் கசியும். 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற ஒளித்தூண்டி அகப்பட்டது; பெட்டியின் அச்சு மையிலிருந்து வந்தது அது. நக ஜெல்களில் பரவலாக இருந்த டிபிஓ என்ற இன்னோர் ஒளித்தூண்டியை, இனப்பெருக்கத்துக்குக் கேடு என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப்பொருட்களில் தடை செய்துவிட்டது.

மிச்சமாகி வெளியே வந்தாலும் உடம்புக்கு அதிகம் கேடில்லாத ஒன்று வேண்டும் என்ற தேடல்தான் இயற்கைச் சேர்மங்களிடம் கொண்டுவந்தது. ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, கூம்பு வடிவாகிப்போகும் கருவிழிக்கு ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கிறது: சொட்டுவிட்டு, 365 நானோமீட்டர் ஒளி காட்டி, கொலாஜன் இழைகளைப் பிணைக்கிறார்கள். பல் அடைப்பில் நீல ஒளிக்கு வேலை செய்யும் கேம்ஃபர்குவினோனும் கற்பூரத்தின் வாரிசுதான்.

நான் அதிகம் மல்லுக்கட்டியது மஞ்சளின் கர்குமினோடு. அதை ஒளித்தூண்டியாகக் கலந்த முதல் ரெசின் மாதிரி தொட்டால் கெட்டி. விளிம்பைக் கத்தியால் நெம்பினால் மேல்தோல் உரிந்து, அடியில் கூழ். அடர்மஞ்சள் நிறம் நீல ஒளியை மேலேயே விழுங்கிவிட்டது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், பஞ்சு மஞ்சளானது. நிறம் இருந்ததால் கசிவு கண்ணில் பட்டது. பென்சோஃபீனோன் என்ற நிறமில்லாத ஒளித்தூண்டியாக இருந்தால் 'சுத்தமாக இருக்கிறதே' என்று பையில் போட்டிருப்பேன். அப்புறம் கர்குமினைக் குறைத்து, அடுக்கையும் மெலிதாக்கினேன்.

சரி, 'தாவரத்திலிருந்து எடுத்தது' என்று புட்டியில் எழுதியிருந்தால் போதுமா? கேம்ஃபர்குவினோனுக்கும் ரிபோஃபிளேவினுக்கும் பெரும்பாலும் ஓர் அமீன் (நைட்ரஜன் உள்ள சேர்மம்) துணை தேவை. கர்குமினோடு அயோடோனியம் உப்பைச் சேர்ப்பதுண்டு. இவற்றை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. வாங்கும்போது துணைப்பொருளின் பெயரையும் கேளுங்கள். தராதவரிடம் நான் வாங்குவதில்லை.

இன்னொன்று, ஒளித்தூண்டியை மாற்றினாலும் மோனோமர், அதாவது ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகும் ரெசினின் சிறு மூலக்கூறு, அதேதான். அக்ரிலேட் என்ற மோனோமர் கெட்டியாகாமல் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு ஒரு துளிகூட ஆகாது. மெல்லிய கையுறைக்குள் அது ஊடுருவும். ரெசின் தெறித்ததும் கழற்றிவிட்டு வேறு போடுங்கள்.